விண்ணப்பத்தோடு ஒரு தாள்: திருச்சபை நர்சரிப் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தாளாளர் ஐயா, தலைமை ஆசிரியை அம்மா, சிஸ்டர்,

உங்களில் சிலருக்கு ஸ்தோத்திரம், சிலருக்கு இயேசுவுக்கே புகழ், எல்லாருக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இறக்குவதற்கு முன்பே, எல்கேஜி விண்ணப்பம் எப்போது என்று உங்கள் வாசலில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேட்கிறவர்களில் இங்கிலீஷ் வரும், ஒழுக்கம் வரும் என்று வருகிறவர்கள் பலர். பிள்ளை ஜெபிக்கப் பழகட்டும் என்று வருகிற சபைக் குடும்பங்கள் சில. வீட்டுக்குப் பக்கம், வேன் செலவு மிச்சம் என்று வருகிறவர்களும் உண்டு. மூன்று தரப்புக்கும் தெரியாதது ஒன்றுதான்: காலை ஒன்பது மணிக்குக் கேட் சாத்தியதிலிருந்து பன்னிரண்டரைக்குத் திறக்கும்வரை உள்ளே என்ன நடக்கிறது என்பது. நீங்கள் தரும் வண்ண அட்டையில் ஆலயக் கோபுரம் இருக்கிறது, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறது, கோட்டு போட்ட குழந்தை ஒன்று சிரிக்கிறது. உள்ளே நடப்பது மட்டும் அதில் இல்லை.

நாங்கள் மழலையர் வகுப்பு ஆசிரியைகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள். உங்களைப் போன்றவர்கள் நடத்தும் பள்ளிகளின் உள்பக்கம் எங்களுக்குப் பழக்கம். எங்கள் வேண்டுகோள் சின்னது. விண்ணப்பப் படிவத்தோடு ஒரே ஒரு தாள் கொடுங்கள். கிறிஸ்தவப் பள்ளி என்று பலகையில் போட்டிருக்கிறீர்களே, மூன்று வயதுப் பிள்ளைக்கு அதனால் தினமும் என்ன நடக்கும், என்ன நடக்காது என்று அதில் எழுதுங்கள். எதை எழுதவேண்டும், ஏன் எழுதவேண்டும் என்பதற்குத்தான் மிச்ச மடல்.

ஜெபத்தில் ஆரம்பிப்போம். இதில்தான் இருபக்கமும் மென்று விழுங்குகிறீர்கள். இந்து, முஸ்லிம் பெற்றோர் கேட்கத் தயங்குகிறார்கள்; கேட்காததால் நீங்களும் சொல்வதில்லை. அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 28(3), அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் படிக்கிற யாரையும் சமய போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது, சிறு பிள்ளையானால் காப்பாளரின் சம்மதம் வேண்டும் என்கிறது. மனச்சாட்சிக்கு இந்த நாடு தரும் இடம் எவ்வளவு என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் காட்டியதே ஒரு கிறிஸ்தவப் பிரிவுப் பிள்ளைகளின் வழக்கில்தான். யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று கேரளப் பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி வெளியே அனுப்பியது, நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நமக்குக் கிடைத்த நியாயத்தை நம் வாசலுக்கு வருகிற பிள்ளைக்கும் தரவேண்டும் இல்லையா?

ஆகவே படிவத்தில் ஒரு கட்டம் போடுங்கள். காலை ஜெபத்தில் பிள்ளை சேர்ந்து சொல்லலாமா, சும்மா நிற்கட்டுமா, அந்த ஐந்து நிமிடம் ஆயாவோடு படப் புத்தகம் பார்க்கட்டுமா என்று மூன்று வாய்ப்பு. மூன்றாவதைத் தேர்ந்த பிள்ளையை வராந்தாவில் தனியே நிறுத்தாதீர்கள். மூன்று வயதுக்கு அது தண்டனை என்றுதான் புரியும். பொட்டு, பூ, விபூதி, தாயத்து, கொலுசு இவற்றில் எதை அனுமதிக்கிறீர்கள், எதை வேண்டாம் என்கிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். கொலுசு வேண்டாம் என்பதற்குச் சறுக்குமரத்தில் மாட்டும் என்ற காரணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள். பொட்டு வேண்டாம் என்பதற்கு அப்படி ஒரு காரணமும் கிடைக்காது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இந்தக் கட்டம் தேவை. கத்தோலிக்கப் பிள்ளை உங்கள் சிஎஸ்ஐ பள்ளியில் சிலுவை அடையாளம் போட்டால் என்ன சொல்வீர்கள், பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளை கான்வென்டில் மாதா வணக்க ஜெபம் சொல்லவேண்டுமா என்பதெல்லாம் ஜூன் மாதம் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லி, பிறகு சண்டையாகிற விஷயங்கள்.

அடுத்து, என்ன சொல்லித் தருகிறீர்கள் என்பது. மூன்று, நான்கு வயதில் பிள்ளை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். "இயேசப்பா உன் நெஞ்சுக்குள்ள இருக்கார்" என்றால் எப்படி நுழைந்தார், மூச்சு முட்டாதா என்று யோசிக்கும். "இரத்தத்தால் கழுவினார்" என்று பாட்டுச் சொல்லித் தருகிறோம். முட்டி சிராய்த்து ஒரு சொட்டு ரத்தம் வந்தாலே அலறுகிற வயசு அது. நரகம், சாத்தான், கடைசி நாள் மூன்றையும் ஒன்றாம் வகுப்புக்கு முன் தொடவேண்டாம். சொல்லவேண்டிய கதைகளுக்கு வேதாகமத்தில் பஞ்சமே இல்லை. காணாமல்போன ஆடு, சின்னப் பையன் கொண்டுவந்த ஐந்து அப்பமும் இரண்டு மீனும், குள்ளமாக இருந்ததால் காட்டத்தி மரத்தில் ஏறிய சகேயு, புயலில் படகு, படைப்பின் ஏழு நாள். தள்ளிவைக்கவேண்டியவை: ஈசாக்கைப் பலியிடப் போனது, கோலியாத்தின் தலை, எகிப்தின் வாதைகள். நோவா கதையைப் பேழையோடும் மிருகங்களோடும் நிறுத்திக்கொள்ளலாம். பெரிய வெள்ளிக்கு ஒரு யோசனை. சிலுவைக் கதையைப் புதன்கிழமை சொல்லிவிட்டு விடுமுறை விடுகிறார்கள், உயிர்த்தெழுந்த கதை அடுத்த வாரம் வருகிறது. நடுவில் நாலைந்து நாள், பிள்ளைக்கு இயேசு செத்தே கிடக்கிறார். இறந்தார், நண்பர்கள் அழுதார்கள், மூன்றாம் நாள் எழுந்து வந்தார் என்பதை ஒரே அமர்வில், ஆணியையும் முள்ளையும் விவரிக்காமல் சொல்லி முடியுங்கள்.

கதை நேரம் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். அதற்கு மேல் போனால் உட்கார்ந்திருப்பார்கள், கேட்கமாட்டார்கள். ஒரே கதை ஒரு வாரம் போகட்டும். திங்கள் ஆசிரியை பொம்மைகளை நகர்த்திச் சொல்வார். செவ்வாயும் அப்படியே, ஒரு சொல் மாறாமல். புதன்கிழமை பொம்மை பிள்ளைகள் கைக்கு மாறும். 1954-ல் ரோம் நகரில் சோஃபியா கவலெட்டி, மாண்டிசோரி வழியில் வந்த ஜியானா கோபியோடு சேர்ந்து தொடங்கிய நல்ல மேய்ப்பன் என்ற மறைக்கல்வி முறையும் இப்படிப் பொம்மை நகர்த்தித்தான் நடக்கிறது: ஒரு மரத்தட்டில் ஆட்டுத்தொழுவம், ஒரு மேய்ப்பன், சில ஆடுகள். நூறு ஆடு செய்ய முனையாதீர்கள், பத்து போதும்; நூறுக்கும் பத்துக்கும் அந்த வயதில் வித்தியாசம் இல்லை. ஒரு துணைச் செய்தி. ஆட்டுக்குப் பஞ்சு ஒட்டுவது இங்கிலாந்துப் படத்தைப் பார்த்துச் செய்வது. தூத்துக்குடிப் பக்கத்து வேம்பூர் ஆட்டுக்கு ஏது பஞ்சு? வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு போட்டால் பிள்ளை பார்த்ததும் "எங்க தாத்தா வீட்டு ஆடு" என்று பிடித்துக்கொள்ளும்.

"சாமி கண்ணைக் குத்தும்" என்பது ஊர் மிரட்டல். அதை "இயேசப்பா கண்ணைக் குத்துவார்" என்று மாற்றி உங்கள் வகுப்பறையில் சொல்கிறார்கள். எங்கள் காதில் விழுந்திருக்கிறது, உங்கள் காதிலும் விழுந்திருக்கும். தாளில் ஒரு வரி போடுங்கள்: கடவுள் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தமாட்டோம் என்று. அப்படியே கிறிஸ்துமஸ் நாடகத்தையும் கவனியுங்கள். தேவதூதன் வேஷம் சிவந்த பிள்ளைக்கு, ஆட்டு வேஷம் கறுத்த பிள்ளைக்கு என்று வருஷா வருஷம் தானாக அமைந்துவிடுகிறது பாருங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் போச்சு.

அடி விஷயத்தில் உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று நீதிமொழிகள் 13:24-ஐ எடுத்துச் சொல்லி, நல்லா அடிங்க மிஸ் என்று சபைப் பெற்றோரே சொல்கிறார்கள். அந்த வசனத்தில் பிரம்பு என்று வருகிற எபிரேயச் சொல் ஷேவெட். 23-ஆம் சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற இடத்தில் கோல் என்று வருவதும் அதே சொல். மேய்ப்பன் அந்தக் கோலால் ஆட்டை அடித்து நொறுக்குவதில்லை. வசன விளக்கம் வேண்டாம் என்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75: குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பேற்ற நிறுவனத்தில் வேலை செய்கிறவர் கொடுமை செய்தால் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல், ஐந்து லட்சம்வரை அபராதம். கிள்ளுவது, காதைத் திருகுவது, பேன்ட்டை நனைத்த பிள்ளையை வரிசைமுன் நிறுத்துவது எல்லாவற்றையும் அடியில் சேர்த்தே எழுதுங்கள்.

அடிக்குப் பதில் என்ன என்று ஆசிரியைக்கும் சொல்லிக் கொடுக்கவேண்டும். கடிக்கிற பிள்ளை பெரும்பாலும் பேச்சு வராத பிள்ளை. அல்லது பொம்மைக்காக நெருக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை. ஒரே மாதிரி லாரி மூன்று வாங்கிப் போட்டால் பாதிக் கடி குறையும். முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள், கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கடித்த பிள்ளையிடம் "வலிக்குது பாரு" என்று ஒரே வரி. இரண்டு வீட்டுக்கும் அன்றே சொல்லவேண்டும். யார் கடித்தது என்று பெயர் சொல்லவேண்டாம்.

இனி அளவுகள். தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்விக் கொள்கை 2013 சொல்வது: மூன்று முதல் ஆறு வயதுவரை 20 பிள்ளைக்கு ஒரு பெரியவர், மூன்றுக்குக் கீழே 10 பிள்ளைக்கு ஒருவர், 30 பிள்ளைக்கு 35 சதுர மீட்டர் அறை. பெற்றோருக்கு டேப் எடுத்துவந்து அளக்கக் கூச்சமாக இருக்கும். தரையில் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்டிருந்தால் எண்ணிப் பார்க்கலாம். 94 கல் இருந்தால் 35 சதுர மீட்டர். பீரோவும் மேசையும் அடைத்த கல்லைக் கழித்துவிட்டு எண்ணவேண்டும். உங்கள் வகுப்பில் 45 பிள்ளை, ஒரு மிஸ், மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஓர் ஆயா என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சத்துக்கு என்ன காரணம் என்று நிர்வாகக் குழுவில் பேசுங்கள். போன ஜூனில் இருந்த மிஸ்களில் எத்தனை பேர் இந்த ஜூனிலும் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் சேர்க்கலாம். நடுவருஷத்தில் மிஸ் மாறினால் பிள்ளை மறுபடியும் முதல் நாளிலிருந்து அழும். சம்பளம் குறைவாகக் கொடுத்துவிட்டு ஊழியம் என்று பெயர் வைத்தால் மிஸ் நிற்கமாட்டார்.

முதல் இரண்டு வாரம் பற்றிப் பெரும்பாலான பள்ளிகள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஜூன் முதல் வாரம் நாற்பது பிள்ளையையும் ஒரே நாளில் வரச்சொல்லி, கேட்டில் பிடுங்கி உள்ளே தூக்கிப்போகிறார்கள். ஒன்று அழுதால் நாற்பதும் அழும். நாற்பது அழுதால் மிஸ்ஸும் அழுவார். எட்டெட்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் குழு திங்கள், அடுத்தது புதன், பிறகு வெள்ளி என்று இரண்டு வாரத்தில் எல்லாரும் வந்துவிடலாம். முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம் மட்டும், அம்மாவோ பாட்டியோ அறைக்குள் சுவரோரம் உட்காரட்டும். நான்காம் நாள் அரை மணி வராந்தாவில். ஏழாம் நாள் கேட்டுக்கு வெளியே. போகும்போது சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். விளையாடும்போது நைசாக நழுவினால் பிள்ளை அடுத்த நாள் விளையாடவே போகாது. கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும், பிடுங்காதீர்கள். சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது மூன்றாவது திங்கள் மறுபடி அழுகை வரும், காய்ச்சலில் நாலு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தாலும் வரும். இது எல்லாமே வழக்கம் என்று தாளில் எழுதியிருந்தால், தாத்தா கேட்டில் வந்து சத்தம் போடமாட்டார். அழுது அழுது வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அந்த வாரம் காலையில் பாலும் பூரியும் வேண்டாம், ஒரு இட்லி போதும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கழிப்பறையும் சீருடையும் ஒரே விஷயம். பெல்ட், டை, ஹூக்கு வைத்த அரைக்கால் சட்டை, பின்பக்கம் ஜிப் வைத்த பினஃபோர். இதைப் போட்டுக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளை தானாக ஒன்றுக்குப் போக முடியாது. அவசரத்தில் பெல்ட்டோடு போராடி நனைத்துக்கொள்ளும், பிறகு நனைப்போம் என்ற பயத்திலேயே தண்ணீர் குடிக்காது. தண்ணீர் குடிக்காமல், அடக்கி வைத்து, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றுமாக ஆகஸ்டில் டாக்டரிடம் போய் நிற்கிறார்கள். இடுப்பில் எலாஸ்டிக் வையுங்கள், ஒட்டுகிற ஷூ போடச் சொல்லுங்கள், டையை ஒழியுங்கள். அடையாள அட்டைக் கயிறு சறுக்குமரத்து விளிம்பில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். இழுத்தால் பிரிகிற கயிறாக இருக்கட்டும், இல்லை ஊக்கில் சட்டையோடு குத்துங்கள். கழிப்பறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். பத்தேகாலுக்கு ஒரு முறை, பதினொன்றே முக்காலுக்கு ஒரு முறை எல்லாரையும் அழைத்துப்போங்கள். நடுவில் கேட்டால் எப்போதும் அனுப்புங்கள். இங்கிலீஷில் கேட்டால்தான் அனுப்புவேன் என்பது கொடுமை. "மிஸ், ஒண்ணுக்கு" என்று எந்த மொழியில் சொன்னாலும் அவசரம் ஒன்றுதான்.

இங்கிலீஷ் என்றதும் எழுத்து. பெற்றோர்தான் கேட்கிறார்கள், நோட்டு நிறைய எழுதவேண்டும் என்கிறார்கள் என்று சொல்வீர்கள். உண்மை. அப்படியானால் பெற்றோருக்கும் தாளிலேயே சொல்லுங்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். மூன்று வயதில் அவற்றில் இரண்டு மூன்றுதான் எலும்பாக இறுகியிருக்கும், மற்றவை குருத்தெலும்பு. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நான்கு கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுது என்றால், பிள்ளை விரலால் எழுதாது; தோளால் தள்ளி எழுதும். தாள் கிழியும், கை வலிக்கும், எழுத்தே வெறுத்துவிடும். முதலில் தோளும் முழங்கையும் பழகட்டும்: சுவரில் தண்ணீரும் பிரஷும், பெரிய தாளில் கிரேயான். பிறகு விரல்: களிமண் உருட்டுவது, காகிதம் கிழிப்பது, துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது. பிறகு மணல். எவர்சில்வர் தாம்பாளத்தில் அடர்ந்த நிறக் காகிதம் விரித்து, சலித்த ஆற்றுமணலை ஒரு சென்டிமீட்டர் பரப்பினால் விரல் போன இடம் கோடாகத் தெரியும். ரவை வேண்டாம், எறும்பு வரும். தமிழில் அ-விலிருந்து ஆரம்பிக்காதீர்கள், சிக்கலான வளைவு அது. ட, ப நேர்கோட்டில் முடிகிறது.

மணல் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை, திருச்சபைக்கும் அது அந்நியம் இல்லை. 1789-ல் எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆங்கிலிக்கன் குரு ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளிக்கு அதைக் கொண்டுபோனார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் வழக்கத்தோடு சேர்ந்து அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்துக்கே போனது. அங்கே போனது திரும்பி வரும்போது நான்கு கோடு நோட்டாக வந்துவிட்டது.

எண்ணக் கற்றுத்தர விதைகள் கொடுக்கிறீர்கள், நல்லது. மஞ்சாடி என்று நினைத்துக் குன்றிமணியை வாங்கிவிடாதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருக்கும் அறையில் மஞ்சாடியும் புளியங்கொட்டையும்கூட வேண்டாம். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த எதுவும் தொண்டையில் அடைக்கலாம். டிபன் டப்பாவில் முழு திராட்சையும் வேர்க்கடலையும் வந்தால் திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள், கடலையைத் திருப்பி அனுப்புங்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் கும்பகோணம் பள்ளித் தீ விபத்து நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16, 94 பிள்ளைகள். அதன்பிறகு கீற்றுக் கூரைகள் போயின, சான்றிதழ்கள் வந்தன. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று நான்கையும் அலுவலக பீரோவில் பூட்டாமல் வாசலில் ஒட்டுங்கள், முடியும் தேதி தெரியும்படி. ஆனால் சான்றிதழ் தரையைப் பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. துருப்பிடித்த இரும்பு மூடி. அதே வருஷம் ஏப்ரலில் மதுரையில் ஒரு மழலையர் பள்ளியில் நான்கு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. கழிவுநீர்த் தொட்டி மூடி மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளிருந்து வருகிற ஆவியில் அடிப்பக்கம்தான் முதலில் அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூக்கித் திருப்பிப் பாருங்கள். இரும்பை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிய கான்கிரீட் மூடி போடுங்கள், சம்புக்குப் பூட்டுப் போடுங்கள், சுற்றி வேலி கட்டுங்கள். இடம் மாறும் ஒவ்வொரு முறையும் தலையை எண்ணவேண்டும்: வகுப்பிலிருந்து கழிப்பறைக்கு, கழிப்பறையிலிருந்து மைதானத்துக்கு, அங்கிருந்து வேனுக்கு.

உங்களில் பலருடைய நர்சரி ஆலய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. மற்ற பள்ளிகளுக்கு இல்லாத ஒரு தொல்லை இது. கல்யாணத்துக்குப் பந்தல்காரர் வருவார், அடக்க ஆராதனைக்கு ஆம்புலன்ஸ் வரும், மராமத்துக்குக் கொத்தனார் வருவார். பெரிய கேட் திறந்தே கிடக்கும். நர்சரிக்குத் தனி வேலி, தனிக் கேட், கேட்டில் கையெழுத்து நோட்டு. துக்க மணி அடிக்கிற நாளில் பிள்ளைகள் எந்தப் பக்கம் விளையாடுவார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைக்கவேண்டும். ஆலய ஊழியர், வேன் ஓட்டுநர், பாட்டு வாத்தியார், யாராக இருந்தாலும் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி குருமாருக்கும் பொருந்தும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் விட்ட நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறை. சபைக்குள் பேசி முடித்துக்கொள்வோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டும் தாளின் அடியில் பெரிதாக இருக்கட்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சபையாருக்கு முன்னுரிமை தருவது உங்கள் உரிமை. ஞானஸ்நானச் சான்று, பங்குத்தந்தையின் கடிதம் கேட்பதும் சரி. எத்தனை இடம் அப்படிப் போகும் என்பதை மட்டும் முன்னமே போடுங்கள், மற்றவர்கள் வீணாக வரிசையில் நிற்கவேண்டாம். 25 சதவீத இலவச இடம் கேட்டு வருகிறவர்களுக்கு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் தீர்ப்பளித்ததை மரியாதையாகச் சொல்லுங்கள், வாசலில் விரட்டாதீர்கள். ஆனால் கட்டட நிதி, காணிக்கை என்று எந்தப் பெயரில் வாங்கினாலும், சேர்க்கைக்காக ரசீதில்லாமல் வாங்கும் பணத்துக்கு நன்கொடை என்றுதான் பெயர். தமிழ்நாட்டில் அதைத் தடுக்கும் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது, மத்திய அரசின் 2020 கொள்கையில் ஆறு. இதில் குழம்பிப்போய், இரண்டரை வயதிலேயே ப்ரீகேஜியில் தள்ளிவிடுகிறார்கள். கெடு தேதிக்கு ஒரு வாரம் முன் பிறந்த பிள்ளை, வகுப்பில் மூத்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் சின்னது. அந்த வயதில் ஒரு வருஷம் என்பது அது வாழ்ந்த வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. மந்தமான பிள்ளை என்று மிஸ் சொல்வது பாதி நேரம் கெடு தேதியை ஒட்டிப் பிறந்த பிள்ளையைத்தான். ஒரு வருஷம் பொறுத்து வாருங்கள் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள். சபைக்கு வெளியே இருப்பவர்கள்கூட உங்கள் பேச்சுக்கு அந்த மதிப்பு வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக, சேர்க்கைக்கு முன் பெற்றோரை ஒரு வேலை நாளில் பத்தரை மணிக்கு வகுப்புக்குள் விடுங்கள். ஒன்பது மணி அசெம்பிளியைக் காட்டுவது கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிற மாதிரி. பத்தரைக்குத்தான் உண்மை தெரியும். கட்டைகள் கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா, கை பட்டு முனை மழுங்கியிருக்கின்றனவா? படங்கள் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கின்றனவா, நம் உயரத்திலா? பத்து நிமிடத்தில் மிஸ் எத்தனை முறை "ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்" என்கிறார், எத்தனை முறை ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி ஏதாவது கேட்கிறார்? பெற்றோர் ஓரமாக நின்று எண்ணிக்கொள்ளட்டும். அவர்கள் எண்ணுவது தெரிந்தால் மிஸ்ஸுக்குப் பதற்றம் வரும் என்றால், முதல் வருஷம் மாதத்தில் ஒரு நாள் மட்டும் திறந்து பாருங்கள்.

அந்தத் தாளைத் தமிழில் அச்சடியுங்கள், இங்கிலீஷ் பின்பக்கம் இருக்கட்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. படிவம் வாங்க வருவது அப்பாவாக இருக்கலாம்; ஜூனிலிருந்து தினமும் கேட்டில் வந்து நிற்கப்போவது பாட்டிதான்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியைப் பயிற்சியாளர்கள் சிலர்